ஐந்தரை முதல் ஆறு வரை

மட்டாஞ்சேரி,
12 ஜூலை 1958, சனிக்கிழமை,
பிற்பகல் மூன்று மணி.

அன்புள்ள அத்தான் வேதமாணிக்கம் ஐயர் அவர்களுக்கு, தோத்திரம்.

இன்று பகல் பதினொன்று இருபதுக்குக் கிடைத்த செய்தியை முதலில் எழுதுகிறேன். செல்லானத்துக்குத் தெற்கே கடற்கரையில் வியாழக்கிழமை மதியத்துக்கு முன் மீனவர்கள் ஒரு பெண்ணைக் கரையேற்றியிருக்கிறார்கள். வயது முப்பதிலிருந்து முப்பத்தைந்துக்குள். இதைச் சொன்னவர் இங்குள்ள போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். அந்தப் பகுதிப் போலீஸ்காரர் டெலிபோனில் சொல்லச் சொல்ல அவர் நோட்டில் எழுதியிருக்கிறார். அந்த வரிகளை நான் என் நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டேன். பெண்ணுக்கு உயிர் இருந்ததா, இல்லையா என்பதற்கு முன்பே லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு நான்கு தடவை முயன்றார்கள். கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்று எக்ஸ்சேஞ்சில் சொல்கிறார்கள்.

அந்தப் பெண் சொர்ணமா என்பது உறுதியாகவில்லை. நான் எழுதக்கூடியது இவ்வளவுதான்.

வியாழக்கிழமை மாலை நான் கொடுத்த தந்தியில் உங்கள் தங்கையைக் காணவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்றே விவரமாக எழுதியிருக்க வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். முப்பது வருஷமாகப் பத்திரிகைக்கு ஊரார் சமாசாரத்தை எழுதிப் பழகிய கைக்கு இதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இங்கே அக்கரையில் பிராட்வேயில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் இன்றிரவு ரயிலுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை மாலை உங்களுக்குக் கிடைக்கும்.

நடந்ததில் உறுதியானது இது. வியாழக்கிழமை விடியுமுன், சுமார் ஐந்து ஐந்துக்கு, பஜார் ரோட்டில் தாவூது ராவுத்தரின் மிளகுக் கிட்டங்கிக்குப் பின்னால், தண்ணீருக்கு இறங்கும் படியில் கட்டியிருந்த காலி வள்ளத்தில் சொர்ணம் ஏறி உட்கார்ந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. கையில் குடையும், மெழுகுத்துணியில் சுற்றிய வேதப்புத்தகமும் இருந்தன. மூன்று நாள் மழையில் ஆற்றுத்தண்ணீர் எல்லாம் காயலுக்கு வந்து சேர்ந்திருந்தது. அது கடலுக்கு இறங்கும் நேரம். ஐந்தரைக்குச் சற்று முன்னோ பின்னோ கயிறு அறுந்துவிட்டது. படியில் பதித்த இரும்பு வளையத்தில் கயிற்றின் மீதி இன்னும் தொங்குகிறது. போலீஸ் சப் இன்ஸ்பெக்டரும் பார்த்தார், நானும் பார்த்தேன். கல்விளிம்பில் உரசி உரசி இற்றுப்போன நார். யாரும் அவிழ்த்ததல்ல, வெட்டியதுமல்ல. வீட்டில் ஏதாவது சண்டையா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டபோது அந்தக் கயிற்றைக் காட்டித்தான் பதில் சொன்னேன். காட்டும்போது எனக்கு ஒரு நிம்மதி உண்டானது. அந்த நிம்மதிக்காக வெட்கப்படுகிறேன்.

துடுப்பு வள்ளத்தில் இல்லை. திருட்டுப் போகிறது என்று வள்ளக்காரர் சங்கிலிப்பாண்டி இரவில் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார். விடியுமுன் வந்துவிடுகிறவர் அன்று மழையினால் பிந்தினார்.

அந்த வள்ளம் நேற்று மாலை, செல்லானத்துக்கு வடக்கே, கண்ணமாலிக் கரையில் கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. ஒட்டுப்போட்ட பலகையைப் பார்த்து சங்கிலிப்பாண்டி தன்னுடையதுதான் என்று சொன்னார். குடை கிடைக்கவில்லை. புத்தகமும் கிடைக்கவில்லை.

விடியாத நேரத்தில் அவளுக்கு அந்த வள்ளத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். சப் இன்ஸ்பெக்டரும் கேட்டார். வேலை இல்லாமல் இருப்பதற்குத்தான் அங்கே போனாள். இதை நான் வியாழக்கிழமை பகலில்தான் தெரிந்துகொண்டேன். நான்கு மாதத்துக்கு மேலாக அவள் அங்கே போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

சென்ற டிசம்பரில் எங்கள் சபைக் கூட்டங்களுக்கு நீங்கள் வந்து பிரசங்கித்தீர்கள். நம் ஆண்டவர் இருட்டோடே எழுந்து தனியான இடத்துக்குப் போய் ஜெபித்ததை எடுத்துக்கொண்டு, எத்தனை வேலை இருந்தாலும் தேவனுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்காதவன் வாழ்க்கை ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர் என்றீர்கள். நான் அதைக் குறித்துக்கொண்டேன். உங்கள் பிரசங்கத்தில் குறை ஒன்றும் இல்லை. அதை எடுத்து நான் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

சபைக் காரியதரிசி என்ற முறையில் நான் ஒரு கார்டு அச்சடித்தேன். மாதத்துக்கு ஒரு கார்டு, நாளுக்கு ஒரு கட்டம். அமைதி நேரம் அனுசரித்த நாளில் ஒரு சிலுவை போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கார்டுகளை வாங்கி, பெயரையும் நாள் எண்ணிக்கையையும் நான் வாசிப்பேன். டிசம்பர் முப்பத்தொன்று இரவு உடன்படிக்கை ஆராதனையில் நாற்பத்திரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் சபைக் குருவானவருக்கு இதில் அவ்வளவு விருப்பம் இல்லை. எண்ணிக்கை வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டார். எண்ணாமல் எப்படித் தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

எனக்குக் காலை ஐந்தரையிலிருந்து ஆறு. எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் என்பது உங்களுக்குத் தெரியும். முன்னறையில் என் மேஜையும் பத்திரிகை ஆபீஸ் வைத்துக் கொடுத்த டெலிபோனும் இருக்கின்றன. அந்தத் தெருவில் அது ஒன்றுதான். மிளகு, சுக்கு, தேங்காய் எண்ணெய் விலை கேட்டும், பம்பாய்க்கும் ஆலப்புழைக்கும் டிரங்கால் போடவும் வியாபாரிகள் எந்நேரமும் வருவார்கள். ஆகையால் அந்த அரை மணி நேரம் கதவைத் தாழிட்டுவிடுவேன். யார் தட்டினாலும் திறப்பதில்லை. ஜனவரி முடிவதற்குள் தெருவுக்கே அது தெரிந்துவிட்டது. தெருவுக்குத் தெரிந்ததில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பின்னறையில் பிள்ளை சுகிர்தாவும், பெரும்பாலும் யாராவது ஒரு விருந்தாளியும் படுத்திருப்பார்கள். வருகிற ஊழியக்காரர், ஆஸ்பத்திரிக்கு வந்த நம் ஊர்க்காரர், துறைமுகத்தில் வேலை தேடி வந்த யாராவது. எல்லாரையும் நான்தான் அழைத்து வருவேன். சொர்ணம் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, நாலே முக்காலுக்கு இரண்டு குடத்தோடு தெருக்குழாய்க்குப் போவாள். மட்டாஞ்சேரியில் குடிதண்ணீர் படும் பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்; குளிக்க ஒரு குடத்துக்கு மேல் தர முடியாமல் போயிற்று என்று அவள் உங்களிடம் வருத்தப்பட்டாள். குழாயில் ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், அவள் முறை வர ஐந்தே முக்கால் ஆகும். திரும்பி வந்து சமையல், பிறகு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் பெண்கள் சங்கம், வியாழன் தையல், சனிக்கிழமை ஞாயிறுபள்ளிக்கு ஆயத்தம். பெண்கள் சங்கத்துக்கு அவளைத் தலைவியாக்கினதும் நான். வேறு யாரும் இல்லை என்றார்கள், சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அவளிடம் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் அவள் என்னிடம் கேட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “அந்த அரை மணியில எனக்கும் பங்கு தாங்க. ஒரு நா விட்டு ஒரு நா நீங்க கொடத்த எடுத்துட்டுப் போங்க. நான் அந்த ரூம்புல கதவச் சாத்திட்டு இருக்கேன்.”

நான் சிரித்தேன். பெண்கள் வரிசையில் ஓர் ஆண் குடத்தோடு நின்றால் குழாயடியே சிரிக்கும் என்றேன். வேலை செய்துகொண்டே ஜெபிக்கலாம், பரிசுத்தவான்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள் என்றும் சொன்னேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவள் கார்டு ஜனவரியிலிருந்து ஜூன் வரைக்கும் வெறுமையாகத்தான் வந்தது. ஆறு மாதமும் சபையில் அதை வாசித்தேன். என் மனைவி என்பதற்காக விட்டுவிட்டால் பட்சபாதம் ஆகும் அல்லவா. சென்ற ஞாயிறும் வாசித்தேன். அருமைநாயகம், முப்பது. சொர்ணபாய் அருமைநாயகம், ஒன்றுமில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ மெல்லச் சிரித்தது கேட்டது. மத்தியானம் சோறு போடும்போது, “ஒங்க கொரல் கடைசி பெஞ்சு வரைக்கும் நல்லா கேட்டுச்சு” என்று மட்டும் சொன்னாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சங்கிலிப்பாண்டி ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். தாவூது கிட்டங்கிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அவர் சப் இன்ஸ்பெக்டரிடம் சொன்னதும் பிறகு என்னிடம் சொன்னதும் ஒன்றாகவே இருக்கின்றன. இங்குள்ள கிறிஸ்தவர்கள் வலிய நோம்பு என்று சொல்லும் லெந்து நாட்களின் தொடக்கத்தில் அவள் முதலில் வந்தாளாம். குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அங்கம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருவாளாம். முறை வருவதற்குள் திரும்பிப் போய்விடுவாள். புத்தகத்தைப் பெரும்பாலும் திறப்பதில்லை, வெளிச்சமும் இராது, சும்மா உட்கார்ந்திருப்பாள் என்றார். தினமும் வருவாளா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் வருவாள், காய்ச்சலாக இருந்த இரண்டு நாள்தான் வரவில்லை என்றார்.

அத்தான், கூட்டிப் பார்த்தேன். பிப்ரவரி பத்தொன்பதிலிருந்து ஜூன் முடிய நூற்று முப்பத்திரண்டு நாள். காய்ச்சல் நாள் இரண்டு போக நூற்று முப்பது. அவள் ஒரு நாளுக்குக்கூடச் சிலுவை போடவில்லை. நான் வாசித்ததை ஒவ்வொரு மாதமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

மழை தொடங்கியதும் சங்கிலிப்பாண்டி அவளை எச்சரித்திருக்கிறார். “மழக்காலத்துல வள்ளத்துல இருக்காதிய அக்கா, படியில இருங்க” என்றாராம். அதற்கு அவள் சொன்னதையும் சொன்னார். “கரையில இருந்தா யாராச்சும் ஒரு வேல சொல்லிருவாவ, தம்பி. தண்ணி மேல வந்து யாரு கூப்பிடப் போறா?”

அவர் இதைச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கயிறு பழசு என்று தெரியும், இந்த வாரம் மாற்ற வேண்டும் என்றிருந்தேன் என்றார். நான் அவரைக் கோபிக்கவில்லை. கோபிக்க எனக்கு உரிமை இல்லாததை இனி எழுதுகிறேன். இதுவரை எழுதியது போலீசுக்கும் தெரியும். இது தெரியாது.

தாவூது ராவுத்தர் பாலக்காட்டுக்காரர். என்னோடு பதினெட்டு வருஷப் பழக்கம். வியாழக்கிழமை பள்ளிவாசலில் அதிகாலைத் தொழுகை முடிந்து ஐந்து முப்பத்தைந்துக்குக் கிட்டங்கிக்கு வந்து, தண்ணீர்ப் பக்கத்துக் கதவைத் திறந்திருக்கிறார். ஐம்பது அறுபது கஜத்துக்கு அப்பால் துடுப்பில்லாமல் ஒரு வள்ளம் போகிறது. அதில் ஒரு பெண். தலையில் முக்காடு, மேலே குடை. யார் என்று மங்கலில் தெரியவில்லை. கூப்பிட்டார், மழையில் அவளுக்குக் கேட்டிராது. பக்கத்தில் வேறு வள்ளம் இல்லை. துறைமுக ஆபீசுக்கு டெலிபோன் செய்தால் லாஞ்சு அனுப்புவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. சரியான யோசனை. டெலிபோன் இருக்கும் வீடு இருநூறு அடியில்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு என் கதவு தட்டப்பட்டது. மேஜை மேல் கடிகாரம் இருந்ததால் நிமிஷம் தெரியும். நான் முழங்காலில் இருந்தேன். முதலில் பதில் சொல்லவில்லை. தட்டல் நிற்கவில்லை. “போன் வேணும் சாரே, ஒரு நிமிஷம், கதவத் தொறங்க” என்ற குரல் கேட்டது. குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. பம்பாயில் மிளகு ஏறியிருக்கும், அதற்குத்தான் என்று எண்ணினேன். “ஜெப நேரம், பாயி. ஆறு மணிக்கு வாங்க” என்று சொன்னேன்.

ஆம். கேட்கவில்லை என்பது இல்லை. கேட்டது. பதிலும் சொன்னேன்.

அவர் மறுபடியும் தட்டினார். ஓட்டின் மேல் மழை இரைச்சலாக இருந்தது. ‘வள்ளம் போவுது’ என்றது காதில் விழுந்தது. சரக்கு வள்ளம் என்று நினைத்துக்கொண்டேன். ‘ஆளு இருக்கு’ என்று தாம் கத்தியதாகத் தாவூது சொல்கிறார். அது எனக்குக் கேட்டதா என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவில்லை என்று எழுத ஆசை. உறுதியாக எழுத முடியவில்லை. இது என் அமைதியைக் கெடுக்க வந்த சோதனை, இதை ஜெயிக்க வேண்டும் என்று அப்போது ஜெபித்தேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஐந்து ஐம்பதுக்குத் தட்டல் நின்றது. ஆறு மணிக்கு எழுந்து வியாழக்கிழமைக் கட்டத்தில் சிலுவை போட்டேன். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன். வாசலில் இரண்டு குடமும் நிறைந்து இருந்தன; முறை வந்தும் ஆளைக் காணாமல் அங்கம்மாள் பிடித்து, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சொர்ணம் எங்கே என்று கேட்கவில்லை நான். குடத்தை வழியில் வைத்திருக்கிறாளே என்று ஓரமாக நகர்த்தினேன்.

பிறகு நடந்ததை நிமிஷக் கணக்கில் விசாரித்திருக்கிறேன். தாவூது என் வாசலிலிருந்து சுங்க ஆபீஸ் படகுத்துறை வரைக்கும் ஓடினார். அவருக்கு ஐம்பத்தாறு வயது, சர்க்கரை வியாதி. ஆறு ஐந்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இருந்த காவல்காரர் துறைமுக ஆபீசுக்குப் பேசினார். லாஞ்சு ஆறு இருபத்தைந்துக்குப் புறப்பட்டது. ஆறு நாற்பதுக்கு, காயல் கடலோடு சேரும் அழிமுகத்தில் இருந்தது. அங்கே அலையைத் தவிர ஒன்றும் இல்லை.

டெலிபோன் வந்து இருபது நிமிஷத்தில் லாஞ்சு புறப்படும், பதினைந்து நிமிஷத்தில் அழிமுகத்துக்குப் போகும் என்று துறைமுக ஆபீசில் சொன்னார்கள். என் வீட்டிலிருந்து ஐந்து நாற்பதுக்குப் பேசியிருந்தால் லாஞ்சு ஆறு பதினைந்துக்கு அங்கே நின்றிருக்கும். கோட்டைக் கொச்சியில் சீனவலை இறக்குகிற இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். அவர்களில் ஒருவரிடம் கைக்கடிகாரம் உண்டு. ஆறு பத்துக்கு அந்த வள்ளம் அவர்கள் வலைக்கு எதிரே போனது. உள்ளே ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் கையைத் தூக்கினாள். அந்த அலையில் தங்கள் சிறு தோணியை இறக்க முடியவில்லை என்றார்கள். இருவரும் ஒன்றாகவே சொன்னார்கள்.

அது சொர்ணம் என்று தாவூதுக்குத் தெரிந்தது ஏழு மணிக்கு மேல், அங்கம்மாள் தேடிக்கொண்டு படித்துறைக்கு வந்தபோது. அவரே வந்து என்னிடம் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் எதிரே உட்கார்ந்தார்.  பிறகு கேட்டார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார். “தொழுகையில நிக்கும்போது ஒருத்தர் தண்ணியில போறது தெரிஞ்சா, தொழுகைய முறிச்சிட்டு ஓடணும்னுதான் சாரே எங்க உஸ்தாத் சொல்லித் தந்திருக்காரு. முறிச்சத அப்புறம் தொழுதுக்கலாம். ஒங்களுக்கு அப்படி இல்லையா?”

எங்களுக்கும் அப்படித்தான் என்றேன். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடாதவன் உண்டோ என்று நம் ஆண்டவர் கேட்டதை ஞாயிறுபள்ளியில் எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன். உங்கள் பிரசங்கத்தையும் எடுத்துப் படித்தேன். ஆண்டவர் தனிமைக்காக வீட்டை விட்டு வெளியே போனார், தேடி வந்தவர்களோடு உடனே எழுந்தும் போனார் என்று நீங்கள் சொன்னதை நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். கதவைத் தாழிட்டதாக அதில் இல்லை.

வள்ளத்தில் போனது வேறு யாராவது பெண்ணாக இருந்திருந்தால் நான் இவ்வளவு யோசித்திருப்பேனா என்றும் என்னையே கேட்டுக்கொண்டேன். யாராக இருந்தாலும் அந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

தாவூது கதவைத் தட்டியது எனக்குக் கேட்டதா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். ஜெபத்தில் இருந்தேன், மழை, கேட்கவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார், நான் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்ற தாவூது ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு அவரும், “தட்டினேன் சாரே, கேட்டிருக்காது போல” என்று சொன்னார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்காக ஒன்று சொல்லிவிட்டார். நேற்றும் இன்றும் என்னோடுதான் இருக்கிறார். கிட்டங்கியைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய் என் வாக்குமூலத்தைத் திருத்தித் தருவதாக முடிவு செய்திருக்கிறேன். நாளை கிடைக்கும் செய்தி எதுவானாலும் இதில் மாற்றம் இல்லை. அதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். அவள் உடன்பிறந்தவர் நீங்கள். என்னைச் சமாதானப்படுத்தி எழுத வேண்டாம். வேலை மிகுந்த மனிதன், பக்திக்காக அல்லவா செய்தான் என்று யாரிடமும் எனக்காகப் பேச வேண்டாம். வேலை மிகுந்தவள் அவள். என் அரை மணி நேரம் அவள் தலையில் இருந்த இரண்டு குடத்தினால் எனக்குக் கிடைத்தது.

சுகிர்தா அங்கம்மாள் வீட்டில் இருக்கிறாள். நேற்று முழுவதும் அழவில்லை. இன்று காலை உடுப்பு எடுக்க வந்தவள் மேஜையைப் பார்த்துவிட்டு, “அப்பா, நேத்தும் இன்னைக்கும் ஒங்க கட்டத்துல சிலுவையே இல்லியே?” என்று கேட்டாள்.  மேஜை மேல் இருந்த கார்டுகளையெல்லாம் கட்டிக் குருவானவரிடம் அனுப்பிவிட்டேன். காரியதரிசி வேலையை விடுவதாகவும் எழுதினேன். ஏன் என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

மாமியாரிடம் இப்போது ஒன்றும் சொல்லாதிருங்கள். தந்தி வந்தது பற்றிக் கேட்டால் சொர்ணத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள். உங்களையும் ஒரு பொய் சொல்லச் சொல்கிறேன், திங்கட்கிழமை வரைக்கும்தான். நாளை மாலை ஆராதனையில் பெயர் சொல்லி வேண்டுதல் செய்யவும் வேண்டாம்.

ஆனால் நீங்கள் தனியாக ஜெபியுங்கள். எனக்கு முடியவில்லை, அத்தான். இரண்டு நாளாக அந்த அறையில் முழங்காலில் நிற்கப் பார்க்கிறேன். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். கண்ணை மூடினால் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறது, எழுந்து போய்ப் பார்க்கிறேன், யாரும் இல்லை. ஆகவே எனக்குப் பதிலாக நீங்கள் கேளுங்கள். அவளுக்காக மட்டும் கேளுங்கள். நான் கேட்க வேண்டியதை அவளிடம்தான் கேட்க வேண்டும். அதற்கு அவள் இருக்க வேண்டும்.

இனித் தெரிய வேண்டியது ஒன்றே. கண்ணமாலிக்குத் தெற்கே கடல் ரோட்டின் மேல் ஏறிவிட்டதால் பஸ் இல்லை. உள்காயல் வழியாகப் போக இன்று எந்த வள்ளக்காரரும் சம்மதிக்கவில்லை. காற்று குறைந்தால் நாளை ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தோப்பும்படியிலிருந்து கூரை போட்ட ஒரு பெரிய கெட்டுவள்ளம் புறப்படுகிறது. ஒரு போலீஸ்காரரும் தாவூதும் நானும் போகிறோம். பகல் பன்னிரண்டுக்குள் செல்லானம் சேரலாம் என்கிறார்கள். அங்கிருந்து தந்தி கொடுக்க வழி இல்லை. இரவு இங்கே திரும்பி, திங்கள் காலை தந்தி ஆபீஸ் திறந்ததும் கொடுக்கிறேன். பத்து மணிக்குள் உங்கள் கையில் இருக்கும். அதுவரைக்கும் அவளுக்காக, உயிரோடு இருக்கிறவளுக்காகக் கேட்பது போலவே கேளுங்கள்.

உங்கள் தங்கையின் புருஷன்,
ஞா. அருமைநாயகம்